ஒரே பக்கத்தில் எழுதியது

“நான் சொல்றது இந்த ரூமைத் தாண்டாதுல்ல, மேடம்?”

நீலவ்வா அப்படிக் கேட்டதும், “தாண்டாதும்மா” என்று அக்ஷதா சட்டென்று சொல்லிவிட்டாள். அவளை மேடம் என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. தார்வாடில் சட்டம் படிக்கும் கடைசி வருட மாணவி. கல்லூரிச் சமரச மையத்தில் அன்றுதான் அவள் கையில் முதல் நிஜ வழக்கு. மூலையில் பேராசிரியர் ஹிரேமட், மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

வழக்கு ஒரு கொல்லைக் கதவைப் பற்றியது. நீலவ்வாவின் கொல்லை வழியாகத்தான் அக்கா கங்கவ்வா வீட்டார் இருபது வருடமாகத் தெருவுக்குப் போய்வந்தார்கள். இரண்டு மாதமாக அந்தக் கதவுக்குப் பூட்டு. ஏன் என்று நீலவ்வா யாரிடமும் சொல்லவில்லை. அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

“என் மக பூர்ணிமா புருஷன்கிட்ட அடி தாங்காம ஓடி வந்துட்டா. கொல்லையிலதான் நடமாடுறா. அவன் எங்க அக்கா புருஷனோட அண்ணன் மகன். அக்கா வீட்டுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து இழுத்துட்டுப் போயிடுவான்.”

தனியாகச் சொன்னதைத் தனித் தாளில் எழுத வேண்டும். எழுந்திருக்குமுன், ‘இதில் எதை எதிர்த் தரப்பிடம் சொல்லலாம்?’ என்று கேட்க வேண்டும். ஹிரேமட் நூறு முறை சொன்ன பாடம். கல்லூரிகளுக்கு இடையிலான மாதிரிச் சமரசப் போட்டிகளில் அக்ஷதா இதில் தவறியதே இல்லை. அங்கே ரகசியம் அச்சடித்த தாளில் வரும்; உளறினால் இரண்டு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இன்று எதிரில் ஒரு அம்மா அழுதாள். அக்ஷதா தாளைத் திருப்பாமல், இரு தரப்பும் சேர்ந்து பேசியதைக் குறித்திருந்த பக்கத்திலேயே இதையும் எழுதினாள். கேள்வியும் மறந்துபோயிற்று.

கங்கவ்வா உள்ளே வந்தாள். “என்ன, பாடம் சொல்லிக் குடுத்து முடிச்சாச்சா? எந்தப் புலிக்குப் பயந்துடி பூட்டு போட்ட?”

“புலி தெரு வழியாத்தான் வந்து உக்காந்திருக்கே, அக்கா.”

கங்கவ்வாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் நீலவ்வா இளகினாள். “காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்து விடறேன்” என்று சாவியை மேசைமேல் வைத்தாள்.

பேசியதைத் தொகுத்துச் சொல்வதில் அக்ஷதா போன வருடம் கோப்பை வாங்கியவள். நிமிர்ந்து உட்கார்ந்து, குறிப்பேட்டைப் பார்த்துக் கணீரென்று படித்தாள்.

“காலையும் சாயங்காலமும் கதவு திறந்திருக்கும். பூர்ணிமா கொல்லையில நடமாடுறதால, மத்த நேரம்…”

நாக்கு நின்றது.

“பூர்ணிமாவா?” கங்கவ்வா திரும்பினாள். “அவ ஹாவேரியில புருஷன் வீட்டுல இல்ல இருக்கா? எப்படி வந்தா? நான் பார்த்துக் குடுத்த இடம்டி அது. எங்கிட்டயே மறைச்சியா?” அவள் கை பைக்குள் போனைத் தேடியது.

“அம்மா, இங்க பேசினது வெளியே போகக்கூடாது…” என்றாள் அக்ஷதா. சொல்லும்போதே காது மடல் எரிந்தது. அதைச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருந்தது?

மூலையில் ஹிரேமட் பேனாவை மூடி வைத்தார். இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்ஷதாவுக்கு.

நீலவ்வா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்திருந்த அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அக்ஷதா வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

நீலவ்வா படியிறங்கிப் போய்விட்டாள்.