இன்னும் ஒரு ஆள்

1

இந்தக் கதைக்கு மூலம் என் கடைவாய்ப் பல். விழுப்புரத்தில் அதைப் பிடுங்கிய டாக்டர் அருணா, "கிருமிங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கும் சார். ஆளு சேர்ற வரைக்கும் கம்முனு கெடக்கும், சேர்ந்துட்டா கெளம்பிடும்" என்றார். என் வாயில் பஞ்சு. எதிர்த்துக் கேட்க வழியில்லாமல் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: "அதிகாலைப் பனியில் கோடானுகோடி பாக்டீரியாக்கள்—"

வேண்டாம். பனியைப் பார்த்தாலே நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இன்னொன்று: "சஹானாவின் அப்பா மல்லிநாதன், கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் தீங்கு நினைக்காத சமணர்—"

அது வேறு கதை.

3

திண்டிவனத்தில் மயிலம் போகும் ஷேர் ஆட்டோவில் கல்லூரி மாணவி சஹானா முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் டப்பா. உள்ளே சோறு இல்லை. மூடிபோட்ட வட்டத் தட்டில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வேரில் வாழும் பாக்டீரியா. அவள் வளர்த்த வகைக்குப் பேச வராது. ஆள் சேர்ந்துவிட்டது என்று சேதி சொல்லும் ரசாயனம் சுரக்காததால் எவ்வளவு பெருகினாலும் வைத்த இடத்திலேயே கிடக்கும். மாதக்கணக்கில் கிடந்தது. நேற்று, பேசத் தெரிந்த வகையிடமிருந்து வடித்த நீரை ஒரு சொட்டு விட்டாள். காலையில் பார்த்தால், ஊர ஆரம்பித்திருந்தது! சந்தோஷத்தில் பல் துலக்கவே மறந்துவிட்டாள். (என் பல் நினைப்பு இங்கேயும் வந்துவிட்டது.)

வெயில் ஏற ஏற அது வேகமாக ஊரும். தட்டு முழுக்கப் பரவிவிட்டால் எங்கே கிடந்தது, எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாது. அதற்குள் மயிலம் கல்லூரியில் தேர்வாளர் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் அத்தனை உழைப்பும் வீண். (போட்டோவை அவர் நம்பமாட்டார். பஸ் இப்போதுதான் போனது, நான்தான் அனுப்பிவைத்தேன்.)

"அண்ணா, கெளம்பலாம்ணா. பேஜாரா இருக்குது."

"ஆளு சேரட்டும்மா. காலியா போனா கட்டாது" என்றார் டிரைவர் கோபி.

"உள்ள ஊர்ந்துக்கினே இருக்குண்ணா!"

கோபி டப்பாவைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார். "இன்னாது ஊருது?"

சொன்னாள். ஆள் சேர்ந்தால்தான் நகரும் என்பதையும் சொன்னாள்.

"அப்ப அதுவும் நம்ம லைன்தான்னு சொல்லு" என்றார். ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை.

4

ஆள் சேர்ப்பது என் வேலை. கீரைக்கட்டோடு வீரம்மாளை ஏற்றினேன். போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மணிமாறனை ஏற்றினேன். கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பத்தையே ஏற்றினேன். இன்னும் ஒரு இடம் காலி. நானே ஏறலாம், ஆனால் பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது.

முடிவு ஒன்று: தட்டு நிறைகிறது, சஹானா அழுகிறாள். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: கோபி மனமிரங்கி வண்டியை எடுக்கிறார். கோபியா? நடக்கிற காரிய—

5

சஹானா டப்பாவைத் திறந்து, தட்டின் மூடியை எடுக்காமலே பார்க்கிறாள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் இன்னும் பரவாமல் மிச்சம் இருக்கிறது.

கோபி நேராக இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கூவுகிறார்: "மயிலம், மயிலம்! ஒரே ஆளு, ஏறுனா கெளம்பிடலாம்!"

உங்களைத்தான். சஹானா ஒதுங்கி இடம் விட்டிருக்கிறாள். டப்பா ஆடாமல் பார்த்து ஏறுங்கள்.