பந்து ஆளில் படக்கூடாது

"எறிஞ்சு ஆளை அடிக்காட்டி அது எல்லேயே இல்லையடி!"

யோகாம்பாள் பந்தடிக்கும் மூங்கில் கம்பை நிலத்தில் குத்தினாள். நோர்வேயின் ஸ்டோவ்னர் தமிழ் அணிக்கு அவள்தான் தலைவி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெண்களின் இறுதி ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எதிரணியான ஹவுகன்ஸ்டுவாவின் துஷ்யா ஓரிடத்தில் நிற்காமல் கோட்டோரம் நடந்தாள்.

"அக்கா, கண் ஒப்பரேஷன் செய்தனான். ஓடலாமாம். முகத்தில பந்து படக்கூடாதாம். ஆளுக்கு எறியாமல் விளையாடுவம்."

"அப்ப அடுத்த வருஷம் விளையாடன்."

"நாளைக்கு ஸ்தவாங்கருக்கு வீடு மாறிப் போறன். ஒவ்வொரு வருஷமும் உங்களிட்டைத் தோத்தனான். ஒருக்கா வெண்டிட்டுப் போகவேணும்."

ஊர் விளையாட்டான எல்லேயில் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் நான்கு தடிகளையும் சுற்றி ஓடவேண்டும். ஓடுகிறவள்மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். குனிந்து, வளைந்து தப்புவதில் துஷ்யாவை மிஞ்ச ஆளில்லை.

துஷ்யாவோடு வேலை செய்யும் எம்மா, பேஸ்போல் விளையாடுகிறவள், ரோல்ஸ் பலகாரத்தை மென்றபடி நோர்வேஜியனில் ஏதோ சொன்னாள். யோகாம்பாளின் அணியில் ஆடும் அவள் மகள் யதுர்ஷா அதைத் தமிழில் சொன்னாள்:

"பேஸ்போலிலயும் முந்தி ஆளுக்குத்தான் எறிஞ்சவையாம், அம்மா. பிறகு நியூயோர்க்கில ஒரு கிளப் அதை நிப்பாட்டினதாம். ஆள் வரமுதல் தடியில நிக்கிறவளின்ரை கைக்குப் பந்து போனால் அவுட்."

"அமெரிக்கன் எப்பிடியும் விளையாடட்டும்!"

"அக்கா, மழை வருது!" என்றாள் துஷ்யா. "இதுக்குச் சம்மதியுங்கோ. நான் கேட்டதுதானே, பிறகு அழமாட்டன்."

யோகாம்பாள் தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் இங்கே வளர்ந்த, பள்ளியில் ஹாண்ட்போல் விளையாடி, கைக்குக் கை குறிதப்பாமல் எறிந்து பழகிய பிள்ளைகள். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"சரி. சம்மதம்."

ஆட்டத்தின் கடைசி அடி துஷ்யாவுடையது. ஓடி முடித்தால் அவள் அணிக்கு வெற்றி. பந்து தூரத்து வேலிவரை உருண்டது. மூன்று தடிகளைத் தாண்டிவிட்டாள். யதுர்ஷா பந்தை எடுத்தாள்; துஷ்யாவைப் பார்க்கவேயில்லை. நாலாம் தடியில் நின்றவளின் கைக்கு நேரே எறிந்தாள். பளார் என்று விழுந்தது. துஷ்யா இரண்டடி பின்னால்.

"அவுட்!"

"எனக்கு எறிஞ்சிருந்தால் குனிஞ்சு தப்பியிருப்பன்!"

"சட்டம் உன்ரைதானே பிள்ளை," என்று சிரித்த யோகாம்பாள் கிட்ட வந்தாள். "கண் எப்பிடி?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. வயிறுதான் எரியுது."

மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் கூடாரத்துக்கு ஓடினார்கள். துஷ்யா மட்டும் நின்று, கம்பைக் கையில் எடுத்தபடி யோகாம்பாளைக் கூப்பிட்டாள்.

"மழை விடட்டும் அக்கா. நாளைக்கு இன்னொரு ஆட்டம்."

"நாளைக்கல்லோ பயணம்?"

"பின்னேர ரயில்தானே. காலமை வாங்கோ. நாலாம் தடியை ரெண்டடி கிட்ட நடுறதைப் பற்றி முதல்ல கதைப்பம்."