பின்னால் நிற்கும் கை

கம்பம் விழுந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். "யாரும்மா உங்களை வரச் சொன்னது?" என்று தேர்வாளர் கேட்டாரே, அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. உண்மையிலேயே ஒருவன் அவளை வரச் சொன்னான். தேர்வு மைதானத்தின் கடைசியில் நின்றுகொண்டு கையைத் தூக்கி, விரல்களைத் தன் பக்கம் மடக்கி மடக்கி, வா வா என்றான். கண்ணாடியில் அவனைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே வந்தது. அப்பாடா, பின்னால் ஆள் இருக்கிறது என்று டிரெய்லரை நம்பிக்கையோடு விட்டாள். அவன் டீ குடிக்கப் போகத் தன் சிநேகிதனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது எல்லைக் கம்பம் மடாரென்று சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. அவன் பாவம், இவ்வளவு பெரிய லாரி தன் பேச்சைக் கேட்டு வருகிறதே என்று டீயை மறந்துவிட்டு ஓடினான்.

இந்தக் கூத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். லாரியைப் பின்னால் எடுக்க அவள் பழகியதெல்லாம் கணவரின் கையைப் பார்த்துத்தான். அவரோ சாதாரண ஆள் இல்லை. லாரி ஷெட்டில் அவருக்குப் பெயரே கையண்ணன். எப்பேர்ப்பட்ட சந்தாக இருந்தாலும், எவ்வளவு நீளமான டிரெய்லராக இருந்தாலும், பின்னால் அவர் நின்று கை காட்டினால் ஓட்டுகிறவன் யோசிக்கவே வேண்டாம். விரல் மடங்கினால் வரலாம், மணிக்கட்டு திரும்பினால் ஸ்டியரிங்கை ஒடிக்கலாம், முஷ்டி மூடினால் பிரேக். மற்ற டிரைவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதியில் வைத்துவிட்டு, "கையண்ணே, ஒரு நிமிஷம் வந்து நில்லுங்க" என்று கூப்பிடுவார்கள். அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். அவளுக்கு ஷெட்டில் இருந்த ஒரே பெயர், கையண்ணன் வீட்டம்மா.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த டீக்காரன் மேல்.

"சைகை காட்டத் தெரியாதவன் எதுக்குக் கையத் தூக்குறான்?"

"அவன் எனக்குக் காட்டலீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். யாருக்குக் காட்டுறோம்னு தெளிவா காட்ட வேணாமா?"

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர் ஓட்டியது நெடுந்தூர வண்டி. இரண்டு டிரைவர் போகிற வண்டி. ஒருவர் ஓட்ட, மற்றவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்க வேண்டும். அவரோடு போய்க்கொண்டிருந்தவர் முதுகுவலி தாங்காமல் கிடங்கு வேலைக்கு மாற்றல் கேட்டுவிட்டார். அந்த இடத்தை இந்த மாதக் கடைசி வரைக்கும் அவளுக்காக வைத்திருப்பதாக மேலாளர் ஒத்துக்கொண்டார். ஊருக்குள் கம்பெனியின் சின்ன வண்டியை அவள் பல வருஷமாக ஓட்டுகிறாள், பெரிய வண்டிக்கு உரிமமும் எடுத்துவிட்டாள். ஆனால் உரிமம் மட்டும் இருந்தால் போதாது, லாரியைப் பிழைப்பாக ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு தகுதி அட்டை வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். சரக்கைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள், கட்டிக் காட்டினாள். மிச்சம் இருந்தது இந்த ரிவர்ஸ் ஒன்றுதான். எழுத்துத் தேர்வில் தேறியது செல்லுபடியாகும் கெடுவும் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு தடவை தோற்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அந்த இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்த நினைப்பே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மகள் படிக்க விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை, கல்யாணமான நாளாகக் கணவரை அவள் விருந்தாளி மாதிரிதான் பார்த்து வருகிறாள் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அதையெல்லாம் தள்ளிவைத்தாலும் அவளுக்கு அந்த ஸ்டியரிங் வேண்டும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி தெரிகிறது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டவள் சும்மா இருக்க மாட்டாள்.

மறுதேர்வுக்குத் தேதி வாங்கிக்கொண்டு அவள் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். அட்டை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்பதும் கிடையாது. சில வருஷத்துக்கு ஒரு தடவை பழைய டிரைவர்களும் வகுப்பில் வந்து உட்கார்ந்தால்தான் புதுப்பித்துத் தருவார்கள். அவருக்கும் அந்த வாரம்தான் முறை வந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகக் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார்கள். மாடி அறையில் அவருக்கு வகுப்பு, கீழே மைதானத்தில் அவளுக்கு. மாடி வகுப்பு என்றால் நரைத்த தலைகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் இடம்.

கீழே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளைவிட இளையவள், தொப்பி போட்ட பெண். முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"அக்கா, கண்ணாடில யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்லையே."

"டிரெய்லரப் பாக்குறதுக்கு முன்னாடி ஆளத்தான் தேடுறீங்க. அங்க யாரும் நிக்கலக்கா. சந்தேகமா இருந்தா நிறுத்திட்டு இறங்கிப் போய்ப் பாருங்க."

இறங்கிப் பார்ப்பது கையண்ணன் அகராதியிலேயே இல்லை. டிரைவர் இறங்கி வந்து பார்த்தால் சரக்கு இறக்குகிறவர்கள் சிரிப்பார்களாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் இறங்கினாள். டிரெய்லரின் பின்பக்கம் போய், கம்பத்துக்கும் கதவுக்கும் எவ்வளவு இடம் என்று கண்ணால் அளந்து, ஏறி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் இறங்கினாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் பிடி கிடைத்தது. மூன்றாம் நாள் திடீரென்று எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தது, ஒரே மூச்சில் உள்ளே போய் நின்றாள். தொப்பிக்காரி கைதட்டவில்லை. மேலே கை நீட்டிக் காட்டினாள். மாடி ஜன்னலோரம் கையண்ணன் உட்கார்ந்திருந்தார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே முஷ்டியை மூடி வைத்திருந்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஜன்னலைப் பார்த்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் கண் தன்பாட்டுக்கு அங்கே போய் மேய்ந்துவிட்டு வந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே சொன்னாள். "நாளைலேர்ந்து ஜன்னல் பக்கம் உக்காராதீங்க."

"நான் சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"நீங்க சும்மாதான் உக்காந்திருந்தீங்க. உங்க கை சும்மா உக்காரல."

அவர் டப்பாவை மூடினார். "அப்போ இத்தன நாளா நான் கத்துக்குடுத்தது தப்புன்றியா?"

"தப்புன்னு சொல்லல. நீங்க இல்லாத எடத்துல அது எனக்கு உதவாது."

"நாம ரெண்டு பேரும் ஒரே வண்டிலதான போகப் போறோம். நான் இல்லாத எடம் எது?"

"நீங்க தூங்கும்போது?" என்றாள். "ஒருத்தர் தூங்கத்தான ரெண்டு டிரைவர்? பின்னால எடுக்கணும்னா ஒவ்வொரு தடவையும் உங்கள எழுப்பிவிடட்டுமா?"

அவர் மூடிய டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். மறுநாள் ஜன்னலில் வேறு ஒரு நரைத்த தலை தெரிந்தது. அன்றைக்கு அவள் ஒரு கம்பத்தை இடித்தாள். அதற்கு அடுத்த நாள் இடிக்கவில்லை.

தேர்வன்று வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். "நான் ஓரமா நிக்கிறேம்மா, மூச்சுகூட விட மாட்டேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். மைதானத்தின் கடைசியில் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம், தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களோடு நின்றார். தேர்வாளர் அதே ஆள். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, கம்பத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

வண்டியை முன்னால் இழுத்து, நேராக்கி, கியரைப் பின்னுக்குப் போட்டாள். முதல் பாதி சரியாகத்தான் போனது. டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் கண்ணாடிக்குள் வேலி வந்தது, வேலியோடு அவரும் வந்தார். கை இடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. வா, வா, வா.

அவள் பிரேக்கை மிதித்தாள். அப்படியே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு போனால் வண்டி கச்சிதமாக உள்ளே போய்விடும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. அட்டை கையில் வரும், இருக்கை கிடைக்கும். அப்புறம் முன்பின் தெரியாத கிடங்கு வாசலில், அவர் படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் யாரைத் தேடுவது?

கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள். தேர்வாளரிடம் போனாள்.

"சார், வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கிறவர் என் வீட்டுக்காரர். அவர் கை ஆடுது. ஒரு வார்த்தை சொல்லிட்டு வண்டிய எடுக்கட்டுமா?"

தேர்வாளர் வேலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இங்கேர்ந்தே சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

"என்னங்க. கையப் பாக்கெட்டுல போட்டுக்குங்க."

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "கையண்ணே, வீட்டம்மா ஆர்டர் போட்டாச்சு" என்றான். அவர் முகம் சின்னதாகிவிட்டது. ஊரெல்லாம் கூப்பிட்டு நிறுத்திவைக்கிற கையை அவள்தான், இத்தனை பேர் முன்னால், மடக்கி வைக்கச் சொன்னாள். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டிரெய்லரின் பின்பக்கம் போய் இடத்தைப் பார்த்துக்கொண்டாள். ஏறினாள். கண்ணாடியில் கம்பத்தை மட்டும் பார்த்து, ஸ்டியரிங்கை ஒடித்தாள். டிரெய்லர் சாய்ந்தது, நேரானது. கொஞ்சம் அதிகமாகப் போகிறதோ என்று தோன்றியதும் நிறுத்தி, மறுபடியும் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வேலியோரம் யாரோ கொட்டாவி விட்டார்கள். விடட்டும். ஏறினாள். வந்து நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இன்னும் ஒரு கை நீளம் இருந்தது. விட்டாள். கோடு சக்கரத்துக்குக் கீழே மறைந்தது. நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள்.

தேர்வாளர் பின்பக்கமாக நடந்து போனார். கோட்டைப் பார்க்கக் குனிந்தார். கண்ணாடியில் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது, எழுந்திருக்கிற வழியைக் காணோம். அப்போதுதான் அவள் வேலியைப் பார்த்தாள். கையண்ணன் அசையாமல் நின்றிருந்தார். கால்சட்டைப் பை இரண்டும் புடைத்திருந்தன. உள்ளே முஷ்டிகள் மூடியிருந்தன. எப்போது மூடினார் என்று அவளுக்குத் தெரியவில்லை.