வடக்குக் கம்பத்தின் அடியில்

மூன்றாவது குழியிலும் ஒன்றும் இல்லை. மண்புழுக்கள், பழைய சுண்ணாம்புக் கோட்டின் வெள்ளைப் பொருக்கு, அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா போடா" என்றாள் நோலீன்.

டிப்பெனே மண்வெட்டியை ஊன்றி நின்றான். "இடுப்பளவு வந்தாச்சு ஆன்ட்டி. அன்னைக்கு நாங்க முழங்கால் அளவுதான் வெட்டினோம். அழுதுகிட்டே எவ்வளவு வெட்ட முடியும்?"

வைமாட்டா ரக்பி கிளப்பில் ஆட்டக்காரன் இறந்தால் அவன் சாம்பலைக் கோல் கம்பத்தடியில் தூவுவார்கள். நோலீனின் மகன் கெரின் காரோடு பாலத்தில் மோதி இறந்தபோது அவள் மட்டும் தூவ விடவில்லை. காற்றடித்தால் பக்கத்துப் பால்பண்ணைக்குப் போய்விடுவான் என்று சாம்பலை மரப்பெட்டியில் வைத்து வடக்குக் கம்பத்தடியில் புதைக்கச் சொன்னாள். புதைத்த நண்பர்களில் டிப்பெனேயும் ஒருவன். இன்று அதே மைதானத்தில் மண் அள்ளும் இயந்திரத்தோடு வந்திருக்கிறான். பழைய மண்ணை வாரிவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்கள். அதற்குள் பெட்டி கிடைத்தாக வேண்டும்.

சனிக்கிழமைதோறும் ஆட்டம் முடிந்ததும் அவள் இந்த வடக்குக் கம்பத்தில் கைவைத்து மகனுக்கு ஸ்கோர் சொல்வாள். அந்த நேரம் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

கிளப் தலைவர் ராஸ் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "இங்க எதுக்குத் தோண்டுறீங்க?"

"வடக்குக் கம்பம் இதானே?"

"கம்பம் இதுதான் நோலீன். இடம் இது இல்லையே."

மாடு மேய்ந்த நிலம் அது. அப்புறம் ஆட்டம் பார்க்க வருபவர்கள் உட்கார மர ஸ்டாண்டு வந்தது, எரிந்தது. கெரினைப் புதைத்த பிறகு, வடக்கு முனையில் கான்கிரீட் ஸ்டாண்டு கட்ட இடம் போதாமல், ஒரு கோடைகாலத்தில் மைதானம் முழுவதையும் தெற்கே தள்ளினார்கள். அந்தக் கோடையில் நோலீன் மகளின் பிரசவத்துக்காகப் பிரிஸ்பேனில் இருந்தாள். டிப்பெனே மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலையில் இருந்தான். திரும்பி வந்தபோது புது ஸ்டாண்டுக்கு முன்னால் கம்பங்கள் எப்போதும்போல் நின்றன.

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார் ராஸ். "பழைய இடம் இப்ப ஸ்டாண்டுக்கு அடியில இருக்கிற பீர் ரூமுக்குள்ள வரும்." பிறகு சேர்த்துச் சொன்னார்: "கெரினுக்குப் பிடிச்ச இடம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கோப்பைக்குள் பார்த்தார்.

பீர் அறை சில்லென்று இருந்தது. நோலீன் பீப்பாய்களைக் காலால் உருட்டித் தள்ளினாள். மூலையில் ஒரு தடித்த தூண்.

"அதுக்கு அடியிலதான்" என்றார் ராஸ். "மேல மொத்த ஸ்டாண்டையும் அதுதான் தாங்குது. தொட முடியாது."

"மெஷினைக் கொண்டுவாடா டிப்பெனே. சுவரை இடிச்சுட்டு வா."

"ஆன்ட்டி..."

"அவன் உன் ஃப்ரெண்டுடா!"

"வேலை போயிடும் ஆன்ட்டி. மூணு பிள்ளைங்க இருக்கு."

"கடப்பாரையாவது குடு."

கொடுத்தான். அவள் ஓங்கிக் குத்தினாள். தோள்வரை அதிர்ந்தது. மறுபடி குத்தினாள். தூணடியில் நகத்தால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. ராஸ் வெளியே போனார். டிப்பெனே வாசலில் வெகுநேரம் நின்றான். பிறகு அவனும் போனான். இயந்திரம் உறுமியது. சத்தம் சுவரை நோக்கி வருகிறதா என்று அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். அது மைதானத்தின் பக்கம் நகர்ந்துபோனது.

இத்தனை சனிக்கிழமைகளும் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்?

மண்டியிட்டு அந்தக் கீறலுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

"கெரின், ஸ்டாண்டு கட்டின வருஷத்துல இருந்து எல்லா ஸ்கோரையும் மறுபடி சொல்றேன்டா. மொதல் மேட்ச்சு..."

நின்றாள். மழை பெய்தது நினைவிருந்தது. யாரோடு ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள், எதுவும் வரவில்லை.

"டிப்பெனே!" என்று கத்தினாள். "மொதல் மேட்ச்சு ஸ்கோர் என்னடா?"

வெளியே இயந்திரம் புல்லை உரிக்கத் தொடங்கியிருந்தது.