இரண்டாம் காலத்தில் ஆர்ட்னாகில் சீமாட்டி

ஞாயிறு.

நேற்று ஒஷாவாவில் நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். காலையிலிருந்து எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன். பேனையைப் பிடித்தாலும் இடது கை விரல்கள் மேசை விளிம்பில் தந்தியைத் தேடுகின்றன.

முதலில் வகுப்பைப் பற்றி. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்கொட்லாந்து வயலின் சொல்லித் தருகிறார்கள். நடத்துகிறவர் றொபேட். பகலில் தபால் வான் ஓட்டுகிறவர். எங்கள் தமிழ் ஆட்களில் நானும் பேர்ணடெற்றும்தான் அங்கே போகிறோம். பேர்ணடெற் ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தவள். நின்றுகொண்டு வாசிப்பாள், ஐந்து கோட்டு இசைத் தாளைப் பேப்பர் வாசிப்பதுபோல வாசிப்பாள். நான் கர்நாடக சங்கீதம் படித்தவள். வயலினின் தலைப்பக்கம் குதிக்காலில் ஊன்றாவிட்டால் எனக்கு வில் ஓடாது. றொபேட் என்னை மாற்றச் சொல்லவில்லை. உடற்பயிற்சிப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மற்றவர்கள் தாளைத் தாங்கியில் வைத்து நின்று வாசிக்க, நான் கீழே இருந்து, தாளைத் தரையில் வைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பென்சிலால் ச ரி க எழுதி வாசிப்பேன்.

எனக்கு அங்கே பெரிய கரைச்சல் பெயர்கள்தான். நாங்கள் ராகத்தையும் முதல் வரியையும் சொன்னால் உருப்படி எது என்று தெரிந்துவிடும். இவர்கள் ஆட்களின் பெயரை வைத்துவிடுகிறார்கள். றொபேட்டின் பெட்டியில் ஆர்ட்னாகில் என்ற ஒரு வீட்டார் பெயரில் மட்டும் ஒரு கட்டுத் தாள் கிடக்கிறது: ஆர்ட்னாகில் சீமாட்டி, ஆர்ட்னாகில் சீமாட்டியின் றீல், மிஸ் ஆர்ட்னாகில், ஆர்ட்னாகிலிடம் பிரியாவிடை.

"உந்தக் குடும்பத்தில ஒருத்தரும் வேலைக்குப் போகேல்லைப் போல," என்றாள் பேர்ணடெற். "விடிஞ்சா பொழுதுபட்டா தங்கட பேரில பாட்டுப் போடுவிச்சிருக்கினம்."

ஒஷாவாவில் ஒரு நடனச் சங்கம் வருடா வருடம் நடன இரவு வைக்கிறது. வாசிக்க றொபேட் தன் வகுப்பில் சிலரைக் கூட்டிப் போவார். கடைசி நடனத்தின் நடுவே பாட்டு மாறும். புதுப் பாட்டின் முதல் சுற்றை ஒருவர் தனியாகத் தொடங்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். அந்தத் தொடக்கத்தை இந்த முறை எனக்குத் தந்தார். பேர்ணடெற் என்னைவிட நன்றாக வாசிப்பாளே என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார் றொபேட். "ஆனால் நீ தொடங்கும்போது எல்லாருடைய காலும் அசைகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

அதைக் கேட்ட பிறகு நான் வேலை செய்கிற பிஸ்கற் ஃபக்ரரியில் பெட்டி ஒட்டுகிற நேரமெல்லாம் என் கால் மேசைக்குக் கீழே சும்மா இருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் யாராவது இரங்கித் தந்தது, அல்லது வேறு யாரும் வேண்டாம் என்று விட்டது. இது அப்படி இல்லை. இதைப் பிழைக்கவிட்டால் அடுத்த முறை என்னிடம் வராது, நானும் வாய் திறந்து கேட்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அதற்குள் ஓவர்ரைம் வந்தது. கடைசி ஒத்திகைகளுக்குப் போக முடியவில்லை. றொபேட் ஃபோனில் சொன்னார்: "கடைசிக்குச் சீமாட்டியின் றீல். படித்துக்கொண்டு வா."

என் ஃபைலில் ஆர்ட்னாகில் சீமாட்டி இருந்தது. அது ஸ்ட்ராத்ஸ்பே. அதாவது நிதானமாக, சுரங்களைக் குறிலும் நெடிலுமாக வெட்டி வெட்டி நடக்கிற நடனப் பாட்டு. றீல் என்றால் வேகமாக ஓடுவது என்று முதல் வகுப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நான் முறைப்படி யோசித்தேன். அதே சீமாட்டி, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. வர்ணம் படித்த எவருக்கும் இது விளங்கும். முதலாம் காலத்தில் வாசித்ததை இரண்டாம் காலத்தில், இரட்டிப்பு வேகத்தில், வாசிக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஏன் தனித் தாள் அடித்தார்கள் என்று மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. தாளம் தெரியாதவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து பேஸ்மென்றில் இருந்து சாதகம் செய்தேன். தொடையில் தாளம் போட்டு வாயால் பாடி, பிறகு வில்லில் முதலாம் காலம், பிறகு இரண்டாம் காலம். மேல்வீட்டு நவரட்ணம் அங்கிள் படியில் பாதி இறங்கி நின்று கேட்டார்.

"பிள்ளை, உது மோகன ராகமெல்லே?"

"ஸ்கொட்லாந்துப் பாட்டு, அங்கிள்."

"மோகனம்தான். ஆனா ஆரோ பின்னாலை நாயை அவிட்டு விட்ட மோகனம்."

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நேற்று றொபேட்டின் வானில் போனோம். ஒஷாவா மண்டபத்து வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. கோப்பி மணத்தது. ஆண்கள் கட்டம் போட்ட பாவாடையோடு கதிரை அடுக்கினார்கள். மேடையின் பக்கத்தில் பேர்ணடெற் சுருதி சேர்த்துவிட்டு ஏதோ ஒன்றை வாசித்துப் பார்த்தாள். மேல் ஸட்ஜத்தில் தொடங்கிச் சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. நல்ல பாட்டு.

"உது என்ன?" என்று கேட்டேன்.

"என்னவோ? சீமாட்டியின் றீல். நீர் தொடங்கப்போறது."

அவளுடைய தாளை வாங்கிப் பார்த்தேன். என்னுடையது கீழ்ப் பஞ்சமத்தில் இருந்து ஏறுவது. இது மேலிருந்து இறங்குவது. இரண்டாம் வரியாவது பொருந்துமா என்று பார்த்தேன். ஒரு வரியும் பொருந்தவில்லை. சுருதி ஒன்று, பெயரில் பாதி ஒன்று, அவ்வளவுதான்.

"நான் மற்றதைப் படிச்சிட்டன்," என்றேன். "ஸ்ட்ராத்ஸ்பேயை. ரண்டாம் காலத்தில."

பேர்ணடெற் முதலில் சிரித்தாள். "வர்ணமே உது, காலம் மாத்தி வாசிக்க? உங்கட சங்கீத ஆக்களுக்குத்தான் உப்பிடி மூளை போகும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, அழாதையும். போய் அந்தாளிட்டைச் சொல்லுவம்."

றொபேட் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, பேர்ணடெற்றே தொடங்கட்டும் என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ படித்ததை வாசி," என்றார்.

குளிர்க் கோட்டுகள் தொங்குகிற நடைக்குள் போனோம். கோட்டுகளின் கீழே சப்பணம் கட்டி இருந்து வாசித்தேன். படித்த பாடம் கையை இழுத்துக்கொண்டு போனது. முடித்ததும் றொபேட் கேட்டார்: "இந்த வேகத்தில் வெட்டுகளை வைக்கச் சொல்லி யார் சொன்னது?"

"தாளில் இருக்கிறது."

"இருக்கிறது. ஆனால் வேகம் கூட்டும்போது எல்லாரும் அதை மழுப்பிவிடுவார்கள்."

மழுப்பலாம் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் காலத்தில் எதையும் விடக்கூடாது என்றுதான் நான் படித்தது.

அவர் பேர்ணடெற்றிடம் திரும்பினார். "சீமாட்டியை எல்லாரும் போன வசந்த காலத்தில் வகுப்பில் வாசித்தீர்கள்தானே?"

"வாசித்தோம். நடக்கிற வேகத்தில். இது பஸ்ஸுக்கு ஓடுகிற வேகம்."

றொபேட் நடனத்தை நடத்துகிற அம்மாவைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ சொன்னார். அந்த அம்மா விரலில் கணக்குப் பார்த்தார். சுற்று அதே நீளம் என்றால் தனக்கு ஒன்றுமில்லை, வேகத்தை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இப்போது நீ சொல்," என்றார் றொபேட். "பேர்ணடெற் றீலைத் தொடங்கலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. அல்லது நீ இதைத் தொடங்கு, நாங்கள் பின்னால் ஓடி வருகிறோம். விழுந்தால் எல்லாரும் சேர்ந்து விழுவோம்."

இப்படிக் கேட்டால் நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது: நீங்களே சொல்லுங்கோ. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "நான் தொடங்கிறன்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். பேர்ணடெற் மொழிபெயர்த்தாள், சொல்லாத ஒன்றையும் சேர்த்து: "தொடங்குவாளாம், விழமாட்டாளாம்."

கடைசி நடனம் வந்தது. நான் மேடையின் விளிம்பில் சப்பணம் கட்டி இருந்ததால் ஆடுகிறவர்களின் பாதங்கள்தான் எனக்கு நேரே தெரிந்தன. மெல்லிய கறுப்புச் சப்பாத்துகள், முழங்கால் வரை நாடா சுற்றியவை. முதல் பாட்டு ஓடி முடியும் இடத்தில் றொபேட் தலையை அசைத்தார். எல்லா வில்லும் நின்றது. என்னுடையது மட்டும் கீழ்ப் பஞ்சமத்தில் இறங்கியது.

முதல் வெட்டில் பாதங்கள் திகைத்தன. பழகிய ஓட்டம் இல்லை. ஒரு சப்பாத்து அந்தரத்தில் நின்றதை நான் கண்டேன். நிறுத்திவிடுவேனோ என்று பயந்தேன், ஆனால் தொடையில் போட்டுப் போட்டு ஏறிய தாளம் உடம்பிலேயே இருந்தது. அந்தச் சப்பாத்து இறங்கியது, சரியாக வெட்டில். பக்கத்துச் சப்பாத்தும் அதைப் பிடித்தது. வரிசை முழுக்க ஓட்டத்தை விட்டுத் துள்ளத் தொடங்கியது. எங்கோ ஒருவர் ஊளையிட்டார். இவர்கள் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டாம் சுற்றில் றொபேட் சேர்ந்தார். பேர்ணடெற் பிந்தி, சுரங்களை அங்கங்கே தவறவிட்டபடி, வாய்க்குள் திட்டிக்கொண்டு வந்தாள். தாள் இல்லாமல் அவள் வாசித்ததை நான் அதுவரை கண்டதில்லை. இன்னொரு சுற்றில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பின்வரியில் என்னை மறந்து காந்தாரத்தை அசைத்து இழுத்துவிட்டேன். றொபேட் சிரித்துக்கொண்டு அடுத்த தடவை தானும் இழுத்தார், கோணலாக. மேடைப் பலகை எனக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது. சந்தேகப்பட நேரமே கிடைக்கவில்லை.

முடிந்ததும் ஒருவரும் தங்கள் இடத்துக்குப் போகவில்லை. மூச்சு வாங்கியபடி வரிசையிலேயே நின்று கை தட்டினார்கள். அங்கே அப்படித் தட்டினால் அதே நடனம் திரும்ப வேண்டும் என்று அர்த்தமாம். நடத்துகிற அம்மா எங்களைப் பார்த்தார். றொபேட் என்னைப் பார்த்தார்.

"இந்த முறை றீலா?" என்று கேட்டார். "அதைத்தான் நாங்கள் ஒத்திகை பார்த்தோம்."

நான் பதில் சொல்லுமுன் பேர்ணடெற் குனிந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

"இப்பதான் எனக்குக் கைக்குள்ள வந்தது. மாத்தினீர் எண்டால் திரும்பிப் போகேக்க நடந்துதான் வருவீர். ஆனா ஒண்டு, யோகமலர். மூண்டாம் காலம் எண்டு மட்டும் தொடங்கிப்போடாதையும்."

"இதேதான்," என்று றொபேட்டிடம் சொன்னேன், இந்த முறை ஆங்கிலத்தில். நடனத்தின் முதல் பாட்டு திரும்பத் தொடங்கியது. அது முடிகிற இடத்துக்காக வில்லைத் தந்தியில் வைத்தபடி காத்திருந்தேன். எனக்கு நேரே அந்தச் சப்பாத்துகள், ஓடிக்கொண்டே, வரப்போகிற வெட்டுக்கு ஏற்கெனவே குதிக்காலைத் தூக்கத் தொடங்கியிருந்தன.