ஏழாவது பேச்சாளர்

"உங்க முறை வந்தா, நெட் போயிருச்சுன்னு இருந்துக்கங்க. அவ்வளவுதாங்க."

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஸ்ரீதேவி போனைக் காதோடு அழுத்தினாள்.

"நீங்க யாருங்க?"

"உங்க ஊட்டுக்காரர் மதன் சார் ஆத்தூர்ல இருந்து பைக்ல கெளம்பி வாழப்பாடி தாண்டிட்டாருங்க. ரோட்டுல லாரி ஜாஸ்திங்க."

போன் துண்டானது.

திருச்செங்கோடு, பகல் பதினொன்றரை. லேப்டாப்பில் பொன்னலகு ஃபீட்ஸ் என்ற கோழித்தீவன நிறுவனத்தின் பங்குதாரர்களது ஆண்டுக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் அறுநூறு பங்குகள். கேள்வி ஒன்றே ஒன்று. கோழித் தடுப்பூசி தயாரிக்கும் துணை நிறுவனத்தில் பொன்னலகுக்கு எழுபத்து நான்கு சதவீதம் என்றது போன வருட அறிக்கை. இந்த வருடம் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. விற்றார்களா, யாருக்கு, ஒரு வரி இல்லை. அவள் கேட்டு அனுப்பிய நான்கு மெயிலுக்கும் பதில் இல்லை.

இப்போது இந்த மிரட்டல். அதுவும் புது சிம்முக்கு. கூட்டத்தில் பேசப் பதிவு செய்த படிவத்தைத் தவிர அந்த எண்ணை அவள் எங்கும் எழுதவில்லை.

அப்படியானால் கம்பெனிக்கு உள்ளேயிருந்துதான்.

"பேச்சாளர் நான்கு, அன்பழகன்," என்றார் கம்பெனி செகரட்டரி. "இணைப்பில் இல்லை. ஐந்து, மாரக்காள்... இல்லை. ஆறு, ரமேஷ்குமார்..."

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் நெட் போகுமா?

மதனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லு சாமி. அயோத்தியாப்பட்டணம் பெட்ரோல் பங்க்ல நிக்கறேன்."

நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஒரு கறுப்பு கார் வாழப்பாடியில இருந்து பின்னாலயே வந்துச்சு. இங்கயும் நிக்குது."

"நான் அந்தக் கேள்வியக் கேக்கலீங்க. நீங்க ஊடு வந்து சேந்தா போதும்."

"இங்க பத்துப் பேரு இருக்காங்க, நான் நகர மாட்டேன். நாலு மெயில் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்தவ நீ. இப்ப ஊமையாட்டம் உக்காந்தா நல்லாவா இருக்கும்? கேளு."

"பேச்சாளர் ஏழு, ஸ்ரீதேவி."

போனை வைத்துவிட்டு மைக்கைத் திறந்தாள்.

"வணக்கமுங்க. தடுப்பூசி கம்பெனியில இன்னைக்குத் தேதிக்கு நமக்கு எத்தனை சதவீதமுங்க?"

சேர்மன் மணியன் தண்ணீர் குடித்தார். "மெயில்ல பதில் தருவோம்மா."

போன் அதிர்ந்தது. அதே ஆள். அவள் ஸ்பீக்கரைப் போட்டு மைக் அருகே வைத்தாள்.

"சொன்னா புரியாதாங்க? மதன் சார் எத்தனை நேரம் பங்க்லயே நிப்பாரு?"

கூட்டத்திலிருந்த இருநூறு பேரும் கேட்டார்கள்.

திரையோரம் ஒரு செய்தி விழுந்தது. 'நான் அன்பழகன். எனக்கும் இதே குரல்தான்.' அடுத்து மாரக்காள். 'எனக்குமுங்க.'

மணியன் பக்கத்தில் யாரையோ பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பதினொரு சதவீதம்," என்றார்.

ஸ்ரீதேவி அதைக் கவனிக்கவில்லை. மதனுக்கு ரிங் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றான் அவன். "கார் கெளம்பிருச்சு."

"எந்தப் பக்கமுங்க?"

"சேலம் பக்கம். நம்மூருக்கு வர்ற வழி."

அவள் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.