சம்பந்தி வீட்டு டிஸ்க்

ஒசாகாவிலிருந்து வந்த உறையைப் பிரித்ததுமே ஹதனாகாவுக்கு முகம் விழுந்துவிட்டது. உள்ளே பேத்தி கொஹாருவின் முதல் பிறந்தநாள் படம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் டிஸ்க் ப்ளூ-ரே.

ஹதனாகா பன்னிரண்டு வருஷமாக எதிர்க்கட்சிக்காரர். அவர் கம்பெனி எச்டி டிவிடி பக்கம், அந்தப் பிளேயருக்கு லென்ஸ் செய்வது அவர் வேலை. அப்படிப்பட்டவரின் ஒரே மகள் மினோரி, போயும் போயும் ப்ளூ-ரே செய்கிற கம்பெனியின் என்ஜினியர் அரிமுராவின் மகனைக் கட்டிக்கொண்டாள். டோக்கியோவில் பையன்களுக்கா பஞ்சம் என்று ஹதனாகா அப்போது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அதைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை, வறட்டுக் கௌரவம் கொஞ்சம் கூடுதல்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அகலம், ஒரே கனம். இரண்டையும் படிப்பது ஒரே நீல லேசர். ப்ளூ-ரேயில் படம் மேல்தோலுக்கு அடியிலேயே பதிந்திருக்கும், இவர்களுடையதில் அரை மில்லிமீட்டர் கீழே. அதனால் ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. அந்த அரை மில்லிமீட்டரை யார் விட்டுக்கொடுப்பது என்று இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடிக் கூடிப் பேசினார்கள், விலாங்கு மீன் சாப்பிட்டார்கள், கும்பிட்டு எழுந்து போனார்கள். அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, இம்மிகூட விடக்கூடாது என்று முணுமுணுத்தவர்களில் ஹதனாகாவும் ஒருவர். இப்போது அவர் பேத்தி அந்த அரை மில்லிமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

பிறந்தநாளுக்கு அவர் போகவில்லை. அந்த ஜனவரியில்தான் பெரிய சினிமாக் கம்பெனி ஒன்று ப்ளூ-ரே பக்கம் தாவியிருந்தது. ஆபீஸ் இழவு வீடு மாதிரி கிடந்தது, அங்கே நின்று லீவு கேட்க வாய் வரவில்லை. ஒரு வயதுக் குழந்தையின் முதுகில் பெரிய மோச்சி அரிசி உருண்டையைக் கட்டி நடக்கவிட்டு, எதிரே அபாகஸ், தூரிகை, கத்தரிக்கோல் என்று பரப்பி வைத்து, எதை எடுக்கிறது, பின்னால் என்ன ஆகும் என்று பார்ப்பார்களே, அந்த வரிசையில் வைக்கச் சொல்லித் தன் லென்ஸ் ஒன்றைச் சின்னக் கண்ணாடிக் கட்டிக்குள் பதித்துத் தபாலில் அனுப்பினார். அரிமுரா தன் கம்பெனி ரிமோட்டை வைக்கப்போவதாகக் கேள்வி. பேத்தி எதை எடுத்தாள் என்பது அந்த டிஸ்க்கில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. முதலில் பேசியது அரிமுரா.

"என்ன சம்பந்தி, பாத்தாச்சா? நம்ம பேத்தி கெட்டிக்காரத்தனத்தப் பாத்தீங்களா?" என்று சிரித்தார். "ஓடலைன்னா கூச்சப்படாமச் சொல்லுங்க. பழைய டிவிடியில போட்டு அனுப்பறேன். எங்க பெரியம்மாவுக்கெல்லாம் அப்படித்தான் அனுப்பறது."

"ஓடாம என்ன? பேஷா ஓடுச்சு."

"ஓடுச்சா! அப்ப எங்க பெட்டி ஒண்ணு வாங்கிட்டீங்கன்னு சொல்லுங்க!"

"எதுல பாத்தா உங்களுக்கென்ன? பாத்தாச்சு."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, உங்க பொண்ணு போனைப் புடுங்கறா."

மினோரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "அப்பா, நெசமாவே பாத்தீங்களா? கடைசி வரைக்கும்?"

பக்கத்தில் சம்பந்தி நிற்கிறார். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? "பாத்தேம்மா, கடைசி வரைக்கும். படம் நல்லாத் தெளிவா இருந்துச்சு."

"அவ்வளவுதானாப்பா?"

ஹதனாகா யோசித்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று பட்டது. "கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாத் தெரியுது. அது உங்க மாமனார் கம்பெனிக்கு எப்பவும் உள்ள கோளாறு."

"சரிப்பா. வெச்சுடறேன்," என்றாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. இவர் கூப்பிட்டபோது மாப்பிள்ளை எடுத்து, அவள் தூங்குவதாகச் சொன்னார். அப்போது பகல் பதினோரு மணி.

டிஸ்க்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு ப்ளூ-ரே பெட்டி வாங்கிவிடலாம், காசு இல்லாமல் இல்லை. ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் பாதிப்பேர் கம்பெனிக்காரர்கள். வியாழக்கிழமை காலி அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போடுகிற நாள். அந்த மாதம் குப்பைக் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் முறை மூன்றாம் மாடி தொகாஷியுடையது. தொகாஷி ஆபீஸில் அவருடைய மேலதிகாரி. எதிரியின் பேர் போட்ட அட்டையை அந்த மனிதர் கையில் கொடுத்து வணக்கம் சொல்வதைவிட ஹதனாகா செத்தே போவார். இரண்டு டிஸ்க்கும் ஓடும் பெட்டி ஒன்றை வெளிநாட்டுக்காரன் எவனோ கொண்டுவந்திருந்தான். அதை வாங்குவது இன்னும் கேவலம் என்று ஆபீஸில் ஏகமனதாக முடிவாகியிருந்தது.

ஆபீஸ் பரிசோதனைக் கூடத்தில் எதிரியின் பிளேயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகக் கடைசித் திருகாணி வரை கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டித் தட்டுகளில் வைத்திருந்தார்கள். கழற்றச் சொன்னவர் ஹதனாகாதான்.

கடைசியில் சனிக்கிழமை தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஷின்ஜுகுவில் ஒரு பெரிய கடைக்குப் போனார். பிப்ரவரியில் பாதி ஜப்பான் ஜலதோஷத்துக்கு முகமூடி போட்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ப்ளூ-ரே வரிசையில் நீல அங்கி போட்ட விற்பனைப் பையன் ஓடிவந்தான்.

"வாங்க சார்! எங்க பிளேயரப் பாக்கறீங்களா?"

"எங்கிட்ட ஒரு டிஸ்க் இருக்கு. சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா சார். நான்தான் இந்தப் பகுதியப் பாத்துக்கறேன்," என்று அவன் இடுப்பை வளைத்து இரண்டு கையாலும் தன் விசிட்டிங் கார்டை நீட்டினான்.

முப்பத்தைந்து வருஷப் பழக்கம் மூளையிடம் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஹதனாகாவின் இடுப்பும் வளைந்தது. கை பைக்குள் போனது. அவருடைய கார்டு, கம்பெனி பேர், பதவி, லென்ஸ் பிரிவு எல்லாம் அச்சடித்தபடி, எழுத்து எதிராளிக்கு நேராக இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் அவன் முன் நீண்டது.

பையன் படித்தான். மறுபடி படித்தான். பிறகு முதல் தடவையைவிட ஆழமாகக் குனிந்தான். "எங்க மேனேஜரக் கூட்டிட்டு வரேன் சார்," என்றான். மேனேஜர் வந்து குனிந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து குனிந்தார்கள். எதிர் முகாமின் என்ஜினியர் நேரில் ஆராய வந்ததை மிகப் பெரிய கௌரவமாகக் கருதுவதாக மேனேஜர் சொன்னார். ஹதனாகா எல்லோருக்கும் பதில் வணக்கம் போட்டுவிட்டு, டிஸ்க்கை வெளியே எடுக்காமலே படியிறங்கினார்.

சில நாளில் அவருடைய கம்பெனியின் தலைவர் டிவியில் வந்து, எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தார். மறுநாள் காலை பிரிவு முழுவதும் நின்றபடி கேட்டது. தொகாஷி பேசினார்.

"எல்லாரும் நல்லா ஒழைச்சீங்க. தப்பு உங்க மேல இல்ல." கூடவே சொன்னார்: "இனிமே யாரு எந்தப் பெட்டி வேணாலும் வாங்கலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இளைஞர்கள் அழுதார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே லென்ஸைத் தேய்த்த ஹதனாகாவும் தலையைக் குனிந்துகொண்டார். துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கடையை எத்தனை மணிக்கு மூடுவான் என்றும் மனசு கேட்டது. அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கடையில் அதே பையன்தான். ஒன்றும் பேசாமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து குனிந்தான்.

வீட்டில் டிஸ்க் முதல் முறையாகச் சுழன்றது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கொஹாரு மோச்சியைச் சுமந்து தள்ளாடி வந்து, தொப்பென்று விழுந்து, தவழ்ந்துபோய் நேராக லென்ஸை எடுத்தாள். எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! துப்பு துப்பு!" அரிமுரா பாய்ந்து விரலை விட்டு எடுத்தார். "முழுங்கிறாதடி, அது உன் தாத்தாவோட பன்னெண்டு வருஷம்!" என்று சொல்லித் தன் சட்டையிலேயே அதைத் துடைத்தார்.

ஹதனாகா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் படம் மாறியது. வேறு அறை. கதவைச் சாத்திவிட்டு மினோரி தனியாகக் காமிரா முன் உட்கார்ந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "ஆகஸ்ட்ல இன்னொன்னு வருது. இங்க யாருக்கும் இன்னும் சொல்லல, அவருக்கு மட்டும்தான் தெரியும். இத உங்க டிஸ்க்ல மட்டும்தான் சேத்திருக்கேன். அம்மா இருந்திருந்தா அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பேன். அம்மா இல்ல, அதனால உங்ககிட்ட. மாமா பக்கத்துல இருக்கையில போன்ல சொல்ல முடியாது. பாத்துட்டு ஏதாவது சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

படம் முடிந்து டிவி நீலமாக நின்றது. ஹதனாகா அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாத்துட்டு என்ன சொன்னோம் என்பது அவருக்கு வார்த்தை தப்பாமல் ஞாபகம் இருந்தது. போனை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா." குரல் காய்ந்திருந்தது.

"மினோரி, அந்த டிஸ்க்க இப்பதான் பாத்தேன்."

"அன்னிக்கே பாத்தேன்னு சொன்னீங்களே."

"எங்க மெஷின்ல அது ஓடாதும்மா." பன்னிரண்டு வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. "ஓடாது. சம்பந்தி முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

அவள் விசும்புவது கேட்டது. "கொழந்த வருதுன்னு சொன்னா, கறுப்பு சாம்பலாத் தெரியுதுங்கறாரே மனுசன்னு... நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? எங்கப்பாவுக்கு இதுல இஷ்டமில்லன்னு அவருகிட்டகூடச் சொல்லிட்டேன்பா."

"இஷ்டம்தாம்மா," என்றார் ஹதனாகா. மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாளைக்கு வரேன்," என்றார்.

"நாளைக்கா? ஆபீஸ்?"

"அங்க இனிமே எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

மினோரியும் டிவியில் அந்த அறிவிப்பைப் பார்த்திருந்தாள்.

"வாங்கப்பா," என்றாள். "ரெண்டு நாள்ல திரும்பிடக் கூடாது."